மேடு தெரியவில்லையா? பேட்டரியில்லா எல்சி உணரியில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

மூடிய டப்பாவில் விதைநெல் இருக்கிறது. உள்ளே ஈரம் ஏறுகிறதா என்று டப்பாவைத் திறக்காமல், துளை போடாமல், உள்ளே பேட்டரி வைக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஒரு சுருளும் (எல்) ஒரு மின்தேக்கியும் (சி) போதும். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். ஈரம் பட்டால் மின்தேக்கியின் மதிப்பு மாறும், அதோடு அந்த அதிர்வெண்ணும் நகரும். வெளியே பிடிக்கிற இன்னொரு சுருள், அதாவது ரீடர் சுருள், காந்தப்புலம் வழியாக உள்ளே இருப்பதோடு பிணைந்து அந்த நகர்வைப் படித்துவிடும்.

காகிதத்தில் இவ்வளவுதான். மேசையில் வைத்துப் பார்த்தால் திரையில் ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தது கையை அசைத்ததும் ஓடிவிடும். அப்படிப்பட்ட நேரத்துக்காக இதை எழுதுகிறேன். எந்த அறிகுறி உங்களுக்கு வருகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த சில பத்திகளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள், எண்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளும் உணரி இது: எஃப்ஆர்4 என்ற வழக்கமான மின்சுற்றுப் பலகையில் சதுரச் சுருள், வெளிப்பக்கம் 30 மி.மீ., உட்பக்கம் 14 மி.மீ., 8 சுற்று, தடம் அரை மி.மீ., இடைவெளி அரை மி.மீ. தட்டைச் சுருளுக்கான திருத்திய வீலர் சூத்திரத்தில் போட்டால் சுமார் 2.07 மைக்ரோஹென்றி வரும். 68 பிகோஃபாரட் மின்தேக்கியோடு சேர்த்தால் 13.4 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். தரக்காரணி (இழப்பு குறையக் குறைய ஏறும் எண்) 80 என்று வைத்துக்கொள்வோம். ரீடர் சுருள் 1 மைக்ரோஹென்றி.

ரீடரோடு இணைத்த அனலைசரில், அதாவது அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் சுற்றை அளந்து காட்டும் கருவியில், ரெசிஸ்டன்ஸ் வரைபடத்தைப் போடுங்கள். உணரி பக்கத்தில் வந்ததும் 13.4 அருகே ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டில் மூன்று விஷயம் இருக்கிறது: எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம். இடத்தைத் தீர்மானிப்பது சுருளும் மின்தேக்கியும். அகலத்தைத் தீர்மானிப்பது இழப்பு. பாதி உயரத்தில் அளந்த அகலத்தால் அதிர்வெண்ணை வகுத்தால் தரக்காரணி கிடைத்துவிடும். உயரத்தில் மட்டும் இரண்டு கலந்திருக்கிறது: பிணைப்பு எண்ணின் (இரு சுருளும் எவ்வளவு இறுகப் பிணைந்திருக்கின்றன என்பதன் அளவு) வர்க்கமும் தரக்காரணியும். பெரும்பாலானவர்கள் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கோளாறு எங்கே என்று சொல்வது அந்த இரண்டும்தான்.

இன்னொன்றும் செய்துகொள்ளுங்கள். உணரிப் பலகை அச்சடிக்கும்போதே கூட ஒன்றை அச்சடித்து, அதில் ஈரம் உணரும் பாகத்துக்குப் பதில் நிலையான 68 பிகோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். வெப்பநிலையால் மதிப்பு ஏறக்குறைய மாறாத சி0ஜி வகையாகவே இருக்கட்டும். இதை நான் சாட்சிப் பலகை என்று சொல்வேன். எந்தச் சந்தேகம் வந்தாலும் உணரியை எடுத்துவிட்டு இதை வைத்துப் பாருங்கள். சாட்சி ஒழுங்காகத் தெரிந்தால் கோளாறு உணரியில், தெரியாவிட்டால் ரீடரில். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மேடே தெரியவில்லை

முதலில் அனலைசரின் வீச்சை, அதாவது அது தேடிப் போகும் அதிர்வெண் எல்லையைப் பாருங்கள். உணரி நன்றாக இருந்தும் காணாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். விலை குறைந்த நேனோவிஎன்ஏ அனலைசர் ஒரு வீச்சில் 101 புள்ளிகள் எடுக்கும். கருவியை இயக்கியதும் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து ஓட்டினால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நம் மேட்டின் அகலமோ 168 கிலோஹெர்ட்ஸ். வலையின் கண் இவ்வளவு பெரிதாக இருந்தால் மீன் நிற்குமா? 12.4 முதல் 14.4 வரை மட்டும் வீச்சை வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி 20 கிலோஹெர்ட்ஸ் வரும், மேட்டின் மேல் எட்டுப் புள்ளி விழும். எங்கே இருக்கும் என்றே தெரியாவிட்டால் இரண்டு இரண்டு மெகாஹெர்ட்ஸாக நகர்த்தித் தேடுங்கள். வீச்சை மாற்றியதும் அளவுத்திருத்தத்தை மறுபடி செய்ய வேண்டும்.

அப்புறம் உணரியை ரீடர் சுருளின் மேலேயே, நடுவோடு நடு பொருந்தும்படி வையுங்கள். இரண்டு தளமும் இணையாக இருக்கட்டும். உணரியைச் செங்குத்தாக நிறுத்தினால் ரீடரின் காந்தப்புலம் அதன் வழியாகப் போகாமல் ஓரமாக ஒழுகிவிடும், பிணைப்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும். டப்பாவுக்குள் போட்டதும் உணரி சாய்ந்து விழுந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுவதே நல்லது.

அப்படியும் தெரியாவிட்டால் சுருளின் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மின்தேக்கி பலகையில் இருக்கும்போதே மல்டிமீட்டரை அதன் இரு முனையில் வைத்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும், உடனே "சரி, தொடர்ச்சி இருக்கிறது" என்று தோன்றும். ஆனால் மின்தேக்கி ஷார்ட் ஆகியிருந்தாலும் அதே எண்தான் வரும். மின்தேக்கியைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் சுருளின் உண்மை தெரியும். இந்த அளவுச் சுருளுக்கு, 35 மைக்ரான் செம்பில், சுமார் 0.7 ஓம் வர வேண்டும். திறந்து கிடந்தால் சுருளின் உள்முனையைப் பலகையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும் துளையைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

மேசையில் தெரிந்த மேடு டப்பாவில் போட்டதும் மறைந்தால், மூடியின் உட்புறத்தைக் கவனியுங்கள். உணவு டப்பாக்களில் அலுமினியத் தாள் ஒட்டிய மூடி வரும். அவ்வளவு மெல்லிய தாளே இந்த அதிர்வெண்ணில் சுழல் மின்னோட்டத்தை ஓடவிட்டுப் புலத்தைத் திருப்பி அனுப்பப் போதும்.

இது எதுவும் இல்லை, ஆனால் தூரம் கூடியதும் மேடு கரைகிறது என்றால் அது கோளாறே இல்லை, கணக்கு. பிணைப்பு எண் 0.05 ஆக இருக்கும்போது நம் எடுத்துக்காட்டில் மேட்டின் உயரம் சுமார் 17 ஓம். அதே 0.01 ஆனால் 0.7 ஓம்கூட இல்லை. ஐந்தில் ஒரு பங்கு பிணைப்பு, இருபத்தைந்தில் ஒரு பங்கு உயரம். சுருளின் அளவைவிட நன்றாகத் தள்ளிப் போனபின் தூரத்தை இரட்டித்தால் பிணைப்பு எட்டில் ஒன்றாகும், உயரம் அறுபத்துநான்கில் ஒன்றாகும். ஆகவே தூரத்தை ரீடரின் மின்திறனைக் கூட்டி வெல்ல நினைக்காதீர்கள், ரீடர் சுருளின் அளவை மாற்றுங்கள். அச்சில் ஒரு தூரத்தில் புலம் உச்சமாக இருக்க, சுருளின் ஆரம் அந்தத் தூரத்தைப் போல் 1.4 மடங்கு இருக்க வேண்டும். 20 மி.மீ. தள்ளிப் படிக்க வேண்டுமா, 28 மி.மீ. ஆரத்தில் சுற்றுங்கள்.

மேடு இருக்கிறது, கணக்கிட்ட இடத்தில் இல்லை

சற்றுக் கீழே இருந்தால் பயப்பட வேண்டாம். சுருளின் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் மின்தேக்கத்தைச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. 68-ஓடு ஒரு 3 பிகோஃபாரட் சேர்ந்தாலே 13.4 என்பது 13.1 ஆகிவிடும். மின்தேக்கி 5 சதவீதப் பிசகு உள்ளதாக இருந்தால் அதிர்வெண்ணில் இரண்டரை சதவீதம், அதாவது 335 கிலோஹெர்ட்ஸ், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

மிக மேலே இருந்தால் கதை வேறு. இடத்தைச் சுருக்க வேண்டும் என்று பலகையின் இரு பக்கத்திலும் சுருள் போட்டு, நடுவில் துளை வழியாகத் தொடராக இணைப்பது வழக்கம். இரண்டு சுருளும் நெருக்கமாகப் பிணைவதால் மொத்த மின்தூண்டல் ஒன்றைப் போல் 4 மடங்கை நெருங்கும். அதே அதிர்வெண்ணுக்குப் பலகை சிறிதாகிவிடும். ஆனால் இது மின்னோட்டம் இரு பக்கமும் ஒரே திசையில் சுற்றினால்தான். வரைபட மென்பொருளில் மேல் சுருளை அப்படியே நகலெடுத்துக் கீழ் அடுக்கில் போட்டால், மேலே வலஞ்சுழியாக உள்ளே போகும் மின்னோட்டம் கீழே இடஞ்சுழியாக வெளியே வரும். இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழிக்கும். மின்தூண்டல் கூடுவதற்குப் பதில் விழுந்துவிடும், அதிர்வெண் எங்கோ மேலே போய் நிற்கும், ரீடரோடு பிணைப்பும் இருக்காது. கீழ்ச் சுருளைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட வேண்டும். ஃபேக்டரிக்கு அனுப்பும் முன் மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, விரலை வைத்து மின்னோட்டம் போகும் வழியை ஒருமுறை தடவிப் பாருங்கள். விரல் திசை மாறக் கூடாது.

இப்படி இரண்டு சுருளை நேருக்கு நேர் வைக்கும் யோசனைக்கு வயது அதிகம். 1967-ல் கார்ட்டர் காலின்ஸ் கண்ணுக்குள் பொருத்தும் அழுத்த உணரி ஒன்றை வெளியிட்டார். அதில் எதிரெதிராக இரண்டு தட்டைச் சுருள்கள். அழுத்தம் கூடினால் அவை நெருங்கும், நெருங்கினால் பிணைப்பு கூடும், அதிர்வெண் இறங்கும். தனியாக மின்தேக்கி வைக்காமல், பிணைப்பையே உணரும் பாகமாக்கிவிட்டார். எனக்கு இன்றும் இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வடிவமைப்பு அதுதான்.

ரீடரை நகர்த்தினால் அதிர்வெண்ணும் நகர்கிறது

இது சிறு எரிச்சல் இல்லை, உணரியையே பொய்யாக்கிவிடும் கோளாறு. உடம்புக்குள் வைக்கும் உணரிகளை நினைத்துப் பாருங்கள். நுரையீரல் தமனியில் பொருத்தும் கார்டியோமெம்ஸ் உணரிக்கும் பேட்டரி கிடையாது. 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை அனுமதித்தது. ஆளுக்கு ஆள் உடம்பின் பருமன் வேறு, ரீடருக்கும் உணரிக்கும் நடுவே தூரம் வேறு. தூரம் எண்ணை மாற்றிவிட்டால் அங்கே அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

காரணம் பெரும்பாலும் நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. எளிய ரீடர்கள் இம்பீடன்ஸின் கட்டக் கோணத்தில் (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் நடுவே உள்ள கோணம்) விழும் பள்ளத்தைத் தேடும். அந்தப் பள்ளத்தின் இடத்தில் பிணைப்பு எண்ணின் வர்க்கத்தில் கால் பங்கு கலந்திருக்கிறது. பிணைப்பு 0.1 என்றால் கால் சதவீதம், அதாவது 33 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளும். மின்தேக்கியில் 0.34 பிகோஃபாரட் குறைந்தது போல உங்களுக்குத் தெரியும். டப்பாவை ரீடரோடு ஒட்டி வைத்தால் நெல் காய்ந்துவிட்டதாகவும், தள்ளி வைத்தால் ஈரமானதாகவும் காட்டும்.

ரெசிஸ்டன்ஸ் மேட்டில் இந்தக் கலப்பு இல்லை. சரியான ரீடரில் மேட்டின் இடம் தூரத்தைப் பொறுத்து மாறாது, உயரம் மட்டுமே மாறும். ஆகவே மேட்டைப் படியுங்கள். முன்னதாக உணரி இல்லாமல் ரீடரை மட்டும் ஒருமுறை வீசிச் சேமித்து, அதை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

மேட்டைப் படித்தும் நகர்கிறது என்றால் குற்றவாளி ரீடர் சுருளின் சொந்த மின்தேக்கம். ரீடரும் தன்னளவில் ஒரு ஒத்ததிர்வுச் சுற்றுதான். அதன் சொந்த அதிர்வெண் உணரியின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் மேட்டைத் தன்னிடமிருந்து தள்ளிவிடும். உணரியை எடுத்துவிட்டு ரீடரை மட்டும் அகலமாக வீசிப் பாருங்கள். அது உணரியைவிட மூன்று மடங்குக்கும் மேலே ஒத்ததிர வேண்டும். இல்லையென்றால் சுற்றுகளைக் குறையுங்கள், சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், நீளமான கேபிளை எடுத்துவிடுங்கள். அளவுத்திருத்தத்தைக் கருவியின் வாயில் செய்யாமல் கேபிளின் முனையில், சுருள் தொடங்கும் இடத்தில் செய்யுங்கள். கேபிளின் மின்தேக்கமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதற்கும் பிறகு கொஞ்சம் மிச்சம் இருக்கும். சாட்சிப் பலகையை ஐந்தாறு தூரங்களில் வைத்து, மேட்டின் உயரத்துக்கு எதிராக இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மை உணரியைப் படிக்கும்போது உயரத்தைப் பார்த்து அந்தப் பிசகைக் கழித்துவிடலாம். உணரியின் தரக்காரணி மாறக்கூடியது என்றால் உயரத்துக்குப் பதில் உயரத்தை அகலத்தால் பெருக்கி வையுங்கள். ஏன் என்பது மேடு தாழும் பகுதியில் வருகிறது.

ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு

உணரியை, பக்கத்தில் வேறு பலகை இருந்தால் அதோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். அப்படியும் இரண்டில் ஒன்று ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் அது ரீடரின் சொந்த ஒத்ததிர்வு, மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள்.

இரண்டும் மறைந்தாலோ, இரண்டுக்கும் நடுவே ஒன்று மட்டும் நின்றாலோ, எல்லாவற்றையும் இருந்தபடி மறுபடி வைத்து மெல்லத் தூரம் கொண்டுபோங்கள். இரண்டு மேடும் நெருங்கி ஒன்றானால் அது பிளவு. தூரம் கூட்ட வேண்டுமென்று ரீடரிலும் மின்தேக்கி சேர்த்து அதே அதிர்வெண்ணுக்கு டியூன் செய்தவர்களுக்குத்தான் இது வரும். ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு சுற்றுகள் நெருங்கினால் அந்தச் சுருதியில் நிற்காமல், ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பிரிந்துவிடும். பிணைப்பு 0.1 என்றால் 13.4 என்பது 12.8 ஆகவும் 14.1 ஆகவும் பிரியும். ரீடரின் தரக்காரணி 100, உணரியினுடையது 80 என்றால், பிணைப்பு 0.011-ஐத் தாண்டினாலே பிளவு தொடங்கிவிடும். தொடுவதுபோல் வைத்தால் தாண்டாமல் இருக்காது. ரீடரின் மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, டியூன் செய்யாத சுருளாகவே பயன்படுத்துங்கள். நம் எடுத்துக்காட்டின் அளவில் அது போதும். ரீடரின் பக்கம் ஆற்றலைக் கூட்டி உணரியின் இழப்போடு ஈடுசெய்து, இந்தப் பிளவையே நுட்பமான அளவுகோலாக்கும் முறை 2018-ல் நேச்சர் எலெக்ட்ரானிக்ஸ் இதழில் வந்தது. அழகான யோசனை, ஆனால் முதல் உணரியில் அதைத் தொடாதீர்கள்.

தூரம் கொண்டுபோனாலும் இரண்டும் இடம் மாறாமல் உயரம் மட்டும் குறைந்தால், உங்களிடம் உண்மையிலேயே இரண்டு ஒத்ததிர்விகள் பிணைந்து கிடக்கின்றன. பக்கத்தில் சாட்சிப் பலகையையோ வேறு உணரியையோ விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

மேடு தாழ்ந்து அகன்றுவிட்டது

உயரத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பாருங்கள். உயரம் தரக்காரணியோடு ஏறும், அகலம் அதே தரக்காரணியோடு இறங்கும். பெருக்கினால் தரக்காரணி அடிபட்டுப் போய்ப் பிணைப்பு மட்டும் மிஞ்சும். நேற்றைய பெருக்குத்தொகையும் இன்றையதும் ஒன்றானால் உணரி நகரவில்லை, இழப்பு கூடியிருக்கிறது. பெருக்குத்தொகையும் குறைந்திருந்தால் உணரி விலகியோ சாய்ந்தோ இருக்கிறது. இந்த ஒரு பெருக்கல் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சமில்லை.

இழப்பு என்று தெரிந்தபின், மேடு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். மேலே நகர்ந்து அகன்றிருந்தால் பக்கத்தில் உலோகம். உலோகத்தில் ஓடும் சுழல் மின்னோட்டம் சுருளின் புலத்தை எதிர்க்கிறது, மின்தூண்டல் குறைகிறது, அதிர்வெண் ஏறுகிறது, ஆற்றலும் வெப்பமாகப் போகிறது. இரும்பு அலமாரி, மேசைக்கு அடியில் இருக்கும் சட்டம், ஸ்டீல் டப்பா, எதுவானாலும் சரி. தள்ளி வைக்க முடியாத இடத்தில் உணரிக்கும் உலோகத்துக்கும் நடுவே என்எஃப்சி ஆன்டெனாவுக்கு விற்கும் ஃபெரைட் தாளை வையுங்கள். அதனால் மின்தூண்டல் கூடி அதிர்வெண் கீழே வரும், ஆகவே தாளோடு சேர்த்துத்தான் மின்தேக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கீழே நகர்ந்து அகன்றிருந்தால் தண்ணீர். தண்ணீரோ ஈரத் தானியமோ உடம்போ சுருளோடு ஒட்டினால், சுற்றுகளின் நடுவே இருக்கும் மின்தேக்கம் கூடும், அதன் கடத்துத்திறன் ஆற்றலைத் தின்னும். நீங்கள் அளக்க வேண்டியது சீப்புப் பற்கள் போலக் கோத்த மின்தேக்கியின் மேல் வரும் ஈரத்தை. சுருளின் மேல் படியும் ஈரம் அதோடு கலந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. சுருளை மட்டும் கனமாகப் பூசி மூடி, உணரும் பாகத்தைத் திறந்து விடுங்கள். மெல்லிய பூச்சு போதாது, மின்புலம் அதைத் தாண்டி வெளியே நிற்கும்.

இடம் ஏறக்குறைய அப்படியே இருக்க, அகலம் மட்டும் கூடியிருந்தால் கசிவு. இதில் எண்ணைப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். நம் சுருளின் மின்மறுப்பு 13.4-ல் சுமார் 174 ஓம். மின்தேக்கியின் குறுக்கே 10 கிலோஓம் கசிவு இருந்தால், அது மட்டுமே தரக்காரணியை 57-க்கு மேல் போகவிடாது. முன்பே இருந்த 80-ஓடு சேர்ந்தால் மிஞ்சுவது 33. பத்து கிலோஓம் என்பது மற்ற சுற்றுகளில் யாரும் கவலைப்படாத மதிப்பு, இங்கே மேட்டின் உயரத்தைப் பாதியைவிடக் குறைத்துவிடுகிறது. சால்டர் செய்தபின் விட்டுப்போன ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டப் பூசும் பசை) ஈரம் குடித்தால் இப்படி நடக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உணரும் படலமே ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கினாலும் இதே அறிகுறிதான். அப்போது பற்களின் மேல் முதலில் ஒரு மெல்லிய மின்காப்புப் பூச்சு கொடுத்து, அதன் மேல் படலத்தைப் போட வேண்டும்.

பிறந்ததிலிருந்தே மேடு அகலமாக இருந்தால் சுருளின் மின்தடை அதிகம். வெள்ளி மசியில் அச்சிட்ட சுருள்களில் இது இயல்பு. செம்புக்கு மாறுங்கள், அல்லது தடத்தை அகலமாக்குங்கள். செம்பின் தடிமனைக் கூட்டுவதால் ஓரளவுக்கு மேல் பயன் இல்லை, இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து சுமார் 18 மைக்ரான் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடும்.

எண் நிற்காமல் ஆடுகிறது

கேபிளைத் தொட்டால் ஆடுகிறதா? கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டி, மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். உங்கள் போனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், என்எஃப்சி ஓடுவது 13.56 மெகாஹெர்ட்ஸில், நம் மேட்டுக்குப் பக்கத்து வீடு. அப்புறம், மிக உயர்ந்த ஒரு புள்ளியை மட்டும் எடுத்து அதையே அதிர்வெண் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் எண் 20 கிலோஹெர்ட்ஸ் படியாகத் தாவும். உச்சியைச் சுற்றி ஐந்தாறு புள்ளிகளை எடுத்து ஒரு பரவளையம் பொருத்தி, அதன் உச்சியை எழுதுங்கள்.

நாள் போகப் போக விலகுகிறது

சாட்சிப் பலகையும் கூடவே விலகினால் வெப்பநிலையோ ரீடரோ காரணம். உணரி மட்டும் விலகினால், அதில் உணரும் பாகத்தோடு நிலையான மின்தேக்கியையும் சேர்த்திருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். எக்ஸ்7ஆர் வகை தன் முழு வெப்பநிலை எல்லைக்குள் 15 சதவீதம் வரை மாறலாம், அதிர்வெண்ணில் அது 1 மெகாஹெர்ட்ஸுக்குச் சமம். சி0ஜி வகை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள் நிற்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பெட்டியில் கலந்துவிடும், சந்தேகம் வந்தால் புதிதாக வாங்கி மாற்றிவிடுங்கள்.

வெப்பநிலை விலகலைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் சாட்சியையும் டப்பாவுக்குள்ளேயே குடிவைத்து, இரண்டு மேட்டையும் ஒரே வீச்சில் படித்து வித்தியாசத்தை எடுக்கலாம். ஆனால் இரண்டு பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தங்களுக்குள்ளேயே பிணைந்து, ஒன்றின் நகர்வு இன்னொன்றிலும் தெரியும். அதிர்வெண்களை நன்றாக விலக்கி வையுங்கள்: இரண்டுக்கும் நடுவே பிணைப்பு 0.05 என்றால் அதன் தாக்கம் 670 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், ஆகவே 2 மெகாஹெர்ட்ஸாவது தள்ளி இருக்கட்டும். இடம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. எம்ஆர்ஐ கருவியில் பக்கத்துப் பக்கத்துச் சுருள்களை ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்துப் பிணைப்பை அழிப்பார்கள். வட்ட வளையங்களுக்கு மையங்களின் தூரம் விட்டத்தில் முக்கால் பங்கு. சதுரச் சுருளுக்கு அந்த இடம் வேறு, ஆனால் தேடுவது எளிது: ரீடரின் மேல் உணரியை ஒட்டிவிட்டு, சாட்சிப் பலகையை அதன் ஓரத்தின் மேல் மெல்ல நகர்த்துங்கள். உணரியின் மேடு, சாட்சி இல்லாதபோது நின்ற அதே எண்ணுக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு ஒட்டிவிடுங்கள்.